திரைக்கு அந்தப் பக்கம் யார்?

குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி முடித்ததும் பெற்றோர் முன் வந்து நிற்கும் முதல் கேள்வி, அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுதான். சென்னையிலோ கோவையிலோ இருந்தால் ஏதாவது ஒரு தெரபி மையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயரையாவது எழுதிவைக்கலாம். கமுதியிலோ வேதாரண்யத்திலோ இருந்தால் 45 நிமிட ஸ்பீச் தெரபிக்காக அரை நாள் பஸ்ஸில் கழியும். அதுவும் ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையோடு, பெரும்பாலும் அம்மா மட்டும் தனியாக. சில மாதங்களில் அந்தப் பயணம் நின்றுபோகும். அப்படி நின்றுபோன இடத்தில்தான் கைபேசி வழியே ஒரு பயிற்சி வந்து உட்காருகிறது.

2020 மார்ச் ஊரடங்கில் மையங்கள் பூட்டப்பட்டபோது தெரபிஸ்ட்டுகள் ஜூமுக்கும் வாட்ஸப்புக்கும் வந்தார்கள். மையங்கள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, வளர்ந்தது. இன்று பதிவுசெய்த வீடியோக்களைப் பணம் கட்டிப் பார்ப்பதும், ஐம்பது அறுபது பேர் கூடும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும், தினமும் ஹோம்வொர்க் கேட்கும் வாட்ஸப் குழுவும், ஒரே குடும்பத்தோடு ஒரு பயிற்றுநர் வாராவாரம் பேசுவதும் பெற்றோர் பயிற்சி என்ற ஒரே பெயரில்தான் நடக்கின்றன. முதல் மூன்றுக்கும் நான்காவதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. பணம் கட்டும் பெற்றோருக்கு அந்தப் பள்ளத்தை யாரும் காட்டுவதில்லை என்பதே என் முதன்மையான குறை.

பெற்றோருக்கு ஏன் பயிற்சி என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் பெற்றோரே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சொன்னார்கள். அன்பில்லாத தாய்தான் குழந்தையை இப்படி ஒடுங்க வைத்தாள் என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் வெளியிட்ட நூல் பரப்பியது. தானே ஒரு ஆட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், அதற்கு மூன்றாண்டு முன்பே, இது மூளை வளர்ச்சி சார்ந்த விஷயம் என்று எழுதியிருந்தார். எரிக் ஷாப்ளர் வட கரோலினாவில் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கித் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பெற்றோரே துணைத் தெரபிஸ்ட் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. நம் நாட்டில், ஒரு தாயான மேரி பரூவா 1991-ல் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். தாயும் குழந்தையும் சேர்ந்தே வந்து பன்னிரண்டு வாரம் தங்கிக் கற்கும் பயிற்சியையும் அந்த அமைப்பு நடத்தியது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் தெரபிஸ்ட்டிடம் குழந்தை இருப்பது இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் சோறு ஊட்டுவதிலும் குளிப்பாட்டுவதிலும் விளையாட்டிலும் தூக்கத்திலும் போகிறது. கற்றல் அங்கேதான் நடந்தாக வேண்டும் என்ற தர்க்கத்தில் பிழையில்லை.

பிழை, தகவல் சொல்வதையே பயிற்சி என்று நினைப்பதில் இருக்கிறது. இதைச் சோதித்த ஒரு ஆய்வு 2015-ல் ஜாமா இதழில் வெளியானது. அமெரிக்காவில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 180 குழந்தைகள் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பெற்றோருக்கு 24 வாரம் ஆட்டிசம் பற்றிய தகவல்களை நிபுணர்களே நேரில் கற்பித்தார்கள். மறுபாதிக்கு அடம், ஆத்திரம், சொல் கேளாமை ஆகியவற்றைக் கையாளும் வழிகளைக் காட்டி, செய்யவைத்து, செய்ததைத் திருத்தினார்கள். எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் பார்த்தபோது, முதல் குழுவில் சுமார் 40 சதவீதம் குழந்தைகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் குழுவில் சுமார் 69 சதவீதம். தகவலும் வீண் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரிது. இந்த ஆய்வு நேரில் நடந்தது. இணையத்திலும் இந்த இடைவெளி அப்படியே வந்து நிற்கிறது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூக் இங்கர்சாலின் குழு, 'இம்பாக்ட்' என்ற பயிற்சியை இணையத்தில் ஏற்றி, ஒரு சாராரைத் தாங்களாகவே படிக்கவிட்டது. இன்னொரு சாராருக்கு அதே பாடங்களோடு வீடியோ அழைப்பில் ஒரு பயிற்றுநரையும் தந்தது. 2016-ல் வெளியான அந்தச் சிறிய முன்னோட்ட ஆய்வில் இரு பக்கமும் பெற்றோர் கற்றார்கள், மன அழுத்தம் குறைந்தது, குழந்தைகளின் மொழியிலும் முன்னேற்றம் இருந்தது. பயிற்றுநர் உடனிருந்த பெற்றோரோ உத்திகளைக் கூடுதல் சரியாகக் கையாண்டார்கள். தம் குழந்தையைப் பற்றிய அவர்கள் பார்வையும் கூடுதலாக மாறியது. குழந்தைகளின் சமூகத் திறனில் மாற்றம் அந்தப் பக்கத்தில் மட்டுமே வந்தது. சிறிய ஆய்வுதான், இதையே முடிந்த முடிவாக்கக் கூடாது. ஆனால் நான் நேரில் பார்த்தவற்றோடு இது பொருந்துகிறது.

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா பங்கெடுத்த அமர்வைப் பயிற்றுநரின் அனுமதியோடும் அந்த அம்மாவின் சம்மதத்தோடும் உடனிருந்து பார்த்தேன். அம்மா முன்கூட்டியே அனுப்பியிருந்த வீடியோவில், பாய் விரித்த தரையில் மூன்றரை வயதுப் பையன் தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். "இது என்ன கலரு? சொல்லு. ரெட்டு எங்க? எத்தனை மூடி இருக்கு? அம்மாவப் பாரு" என்று ஒரே மூச்சில் கேள்விகள். பையன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பயிற்றுநர் வீடியோவை நிறுத்தி, "இங்க என்ன நடந்துச்சும்மா?" என்றார். "திரும்பிக்கிட்டான் மேடம், எப்பவும் அப்படித்தான்." "அதுக்கு ஒரு நொடி முன்னாடி?" மறுபடி ஓட்டினார்கள். மூன்றாவது முறை ஓட்டியபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. திரும்புவதற்கு முன் பையன் ஒரு நீல மூடியை அவர் முழங்கால் பக்கம் அரைச் சாண் தள்ளியிருந்தான். விளையாட வரச் சொல்லி அவன் விடுத்த அழைப்பு அது. கேள்விகளின் சத்தத்தில் மூழ்கிப்போயிருந்தது. அடுத்த வார வீடியோவில் அம்மா எதுவும் கேட்கவில்லை. ஒரு மூடியை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பையன் அதை நேராக்கி வைத்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"குழந்தையின் போக்கில் போங்கள்" என்று எல்லா வீடியோ வகுப்பும் சொல்கிறது. அந்த அம்மாவும் அதைப் பலமுறை கேட்டிருந்தவர்தான். அந்தப் போக்கு எது என்பதை அவர் பிள்ளையின் கையசைவிலேயே காட்டித்தர ஒருவர் வேண்டியிருந்தது. பிரிட்டனில் 'பேக்ட்' என்ற பெயரில் வளர்ந்த வீடியோ வழிப் பயிற்சியின் அடிப்படை இதுதான். அதைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்திய 'பாஸ்' ஆய்வு 2016-ல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்தது. வீடு தேடிப்போய்ப் பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை. அதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையோடு இசைந்து பேசுவது கூடியது, குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரமோ எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்தது; ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். பயிற்சி விற்கும் நம் விளம்பரங்களில் இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

இணையம் நேர்ப்பயிற்சியை மிஞ்சும் இடங்களும் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தினர் 107 குழந்தைகளின் கடும் நடத்தைகளை, அதாவது தலையை முட்டிக்கொள்வது, அடிப்பது, பொருளை உடைப்பது போன்றவற்றை, மூன்று விதமாகக் கையாண்டு ஒப்பிட்டார்கள். ஒன்று வீட்டுக்கே போய். இன்னொன்று பக்கத்து மருத்துவமனையிலிருந்து வீடியோ வழியாக. மூன்றாவது பெற்றோர் வீட்டிலிருந்தே வீடியோ வழியாக. மூன்றிலும் அந்த நடத்தைகள் சராசரியாக 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. வீடியோ வழிக்குச் செலவு குறைவு. 2016-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த முடிவு இது. அங்கே கற்பித்தது பெரிய மந்திரம் எதுவுமில்லை. பிள்ளை எதற்காக முட்டிக்கொள்கிறான் என்று முதலில் கண்டுபிடிப்பது. வேலையிலிருந்து தப்பவா, பொருள் வேண்டியா, யாராவது பக்கத்தில் வரவேண்டும் என்றா? பிறகு அதே தேவையை ஒரு அட்டையைக் கொடுத்தோ கையைக் காட்டியோ கேட்கப் பழக்குவது. பல்துலக்கும்போது வெடிக்கும் பிள்ளை தெரபி அறையில் வெடிப்பதில்லை. கொல்லைப்புறத்துக் குழாயடியில் சாய்த்து வைத்த கைபேசிக்கு, அந்த வெடிப்பு தொடங்கும் நொடி தெரிகிறது. மைய அறையின் நான்கு சுவருக்குள் அது கிடைக்காது.

அப்பாக்களும் இந்த இணைய வழியில்தான் உள்ளே வருகிறார்கள். மையத்துக்கு ஒருநாளும் வராத அப்பா, துபாயில் கேம்ப் அறையிலிருந்து இரவு ஒன்பதரைக்கு அமர்வில் சேர்ந்து, "நான் லீவுல வர்றப்ப என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்கிறார். ஊரில் இருக்கும் பாட்டி எட்டிப் பார்த்து, "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கேட்கிறார். நான் மனமாரப் பாராட்டும் மாற்றம் இது.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் பயிற்சி என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அம்மா ஒருவர்தான். காலையில் சமையல், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, சின்னவனோடு நாள் முழுக்க. இரவு எல்லாரும் தூங்கிய பிறகு வாட்ஸப் குழுவைத் திறந்தால், மற்ற அம்மாக்கள் அனுப்பிய வீடியோக்கள் வரிசையாக நிற்கும். ஹோம்வொர்க் அனுப்பாதவர் பெயரைக் குழுவிலேயே குறிப்பிட்டுக் கேட்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தெரபிஸ்ட்டுக்கு ஆறு மணியோடு வேலை முடிகிறது. அம்மாவைத் தெரபிஸ்ட் ஆக்கிவிட்டால் அவருக்கு எப்போது முடியும்? சோறு ஊட்டும் நேரத்தைக்கூட இலக்கு வைத்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லும் பயிற்சி, அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் எஞ்சியிருந்த சும்மா இருக்கும் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. நல்ல பயிற்றுநர் செய்ய வேண்டியவற்றைக் குறைத்துக்கொண்டே வருவார். குளிக்கும்போது மட்டும், ஒரே ஒரு விஷயம், இந்த வாரத்துக்கு அது போதும் என்பார்.

அதைவிடக் கொடியது பழி. பிள்ளைக்கு ஆட்டிசம் வந்ததே நீங்கள் கைபேசியைக் கையில் கொடுத்ததால்தான் என்று சொல்லும் வீடியோக்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். மருத்துவ உலகம் ஏற்ற எந்த நோய்ப் பட்டியலிலும் அப்படி ஒன்று இல்லை. சின்னக் குழந்தைக்குத் திரை நேரம் கூடக்கூடாது என்பது சரி, பேச்சும் விளையாட்டும் அதனால் பின்தங்கலாம் என்பதும் சரி. ஆட்டிசத்துக்கு அதுவே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் இப்படிப் பயமுறுத்தித்தான் பல வகுப்புகளில் சேர்க்கிறார்கள். பெட்டல்ஹைம் ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்பு செய்த அநியாயம் புது உடுப்பு போட்டு வருகிறது. இப்படித் தொடங்கும் வகுப்பை, மீதிப் பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாடத்திலும் கேள்விகள் உண்டு. மிட்டாயைத் தன் கண்ணருகே பிடித்துக்கொண்டு "பாரு, பாரு" என்று சொல்லி, குழந்தை பார்த்தால்தான் கொடுப்பது. இதை 'ஐ காண்டாக்ட்' பயிற்சி என்று இன்றும் சொல்லித்தருகிறார்கள். கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு எவ்வளவு வேதனை என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரியாமை இருபக்கமும் இருக்கிறது என்று 2012-ல் வாதிட்டார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை. மூடியைத் தள்ளிய பையனின் கதையில் மாறியது அம்மாதான். பிள்ளையை மட்டுமே மாற்றப் பார்க்கும் பயிற்சிக்கும், பெற்றோரின் கண்ணைப் பழக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே தேடலாம்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். நல்ல பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதனால் வீட்டில் தமிழே பேசும் அம்மா பிள்ளையிடம் மட்டும் "கிவ் மீ", "வெயிட்", "குட் சிட்டிங்" என்று பேசத் தொடங்குகிறார். இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்லியும், ஒரே மொழி போதும், அது ஆங்கிலமாக இருக்கட்டும் என்று அறிவுரை தருகிறார்கள். பாட்டியோடும் தெருவோடும் அந்தப் பிள்ளை எந்த மொழியில் உறவாடும்? யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்', லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' போன்று பெற்றோரே எழுதிய நல்ல நூல்கள் தமிழில் வந்துவிட்டன. அதே தெளிவோடு தமிழில் அமைந்த பயிற்சிப் பாடங்கள்தான் போதவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடும், ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற பாடம் இன்னும் அரிது.

பரிசோதனை இல்லாமல் சேர்த்துக்கொள்வது வேறொரு ஆபத்து. பேச்சு வரவில்லை என்றதும் வீடியோ பார்த்து வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். பெரா டெஸ்ட் எடுத்துக் காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா, வலிப்பு ஏதும் வந்ததா என்று கேட்காத பயிற்றுநர்களை எனக்குத் தெரியும். ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சிறப்பாசிரியரும் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் 'பேரண்ட் கோச்' என்று பலகை மாட்டிக்கொள்ள யாருக்கும் எந்தப் பதிவும் வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை, இவர்களைக் கட்டுப்படுத்தாது. குழுவில் கைபேசி எண் போய்ச் சேர்ந்த பின், ஸ்டெம் செல், உணவுக்கட்டுப்பாடு, நச்சு நீக்கம் என்று அழைப்புகள் வரத் தொடங்கும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது, அழைப்புகள் நிற்கவில்லை.

பிள்ளையின் மானமும் இதில் இருக்கிறது. ஆத்திரத்தில் புரள்வதும் குளிக்கும் காட்சியும் நூறு பேர் இருக்கும் குழுவில் பகிரப்படுகின்றன. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் தர வேண்டிய பெற்றோரே அனுப்பும்போது சட்டம் என்ன செய்யும்? வீடியோவைப் பயிற்றுநருக்கு மட்டும் அனுப்புங்கள், வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் பெரியவனாவான்.

உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி, 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கானது. நேரடி வடிவத்தில் 9 குழு அமர்வும் 3 வீட்டு வருகையும் உண்டு. 2022-ல் கட்டணமில்லாத இணைய வடிவமும் வந்தது. பணம் வாங்கும் பல வகுப்புகளைவிட அதன் உள்ளடக்கம் சீரானது. இணையத்தில் இல்லாமல் போனவை அந்த மூன்று வீட்டு வருகைகள்தான். நான் மதிக்கும் பகுதியும் அதுவே. இந்தக் குறைக்கு ஒரு விடை தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கிறது. 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராம அளவிலான மறுவாழ்வுப் பணியாளரின் கையில் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. நிபுணர் தூரத்திலிருந்து வழிகாட்டுகிறார்; அம்மாவின் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் சிறப்பாசிரியர்கள் ஏற்கெனவே ஒன்றியம்தோறும் வீடுகளுக்குப் போய்வருகிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைத் தயார்படுத்துவது, இன்னொரு செயலியை விலைக்கு வாங்குவதைவிடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

இத்தனை வகுப்பிலும் பேசப்படுவது சின்னக் குழந்தைகளைப் பற்றியே. சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணின் அம்மா கேட்பது வேறு: நாப்கினை எப்படிப் பழக்குவது, யார் தொட்டால் வேண்டாம் என்று சொல்ல எப்படிக் கற்றுத்தருவது, என் தோள் உயரம் வளர்ந்துவிட்டவளை ஆத்திரத்தில் எப்படிப் பிடிப்பது? பையனின் அப்பாவுக்குச் சவரம், கதவைத் தாழிட்டுக்கொள்வது, தெருவில் தனியாக நடப்பது. இந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் தேடி இரவில் கைபேசியைத் திறக்கும் பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பயிற்சி நடத்தும் அமைப்புகளும் அதற்குப் பணம் ஒதுக்கும் அரசும் அடுத்து எழுத வேண்டிய பாடம் இது. அதை எழுதும்போது அந்தப் பெண்ணையும் பையனையும் கேட்டு எழுத வேண்டும். அந்த வயதில் அவர்களில் பலரால் பதில் சொல்ல முடியும். பேசியோ, எழுத்துப் பலகையில் விரல் வைத்துக் காட்டியோ.